ஆற்றங்கரைச் சரளைப் பாதையில் வண்டிகளை விடாதீர்கள்: பாதைகளின் பொறுப்பிலிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளத்தாக்கின் பாதைகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

ஆற்றை ஒட்டிச் செல்லும் சரளைப் பாதைக்குத் தார் போட்டு, அதன் வாயிலில் நிற்கும் தடுப்புக் கம்பங்களை அகற்றி, மோட்டார் வண்டிகளுக்குத் திறந்துவிடப் போவதாக நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். அதற்கு ‘மேம்பாடு’ என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். ஆண்டுக்கணக்கில் அந்தப் பாதையில் சைக்கிள் மிதித்து வருபவன் நான். இந்த முடிவை நிறுத்தி வைக்கும்படி கேட்கவே எழுதுகிறேன். பாதையைப் பயன்படுத்தும் எவரிடமும் நீங்கள் கருத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதைச் சொல்லியிருப்போமோ அதை இங்கே சொல்கிறேன்.

இதே பாதையின் மேல்பகுதியை ஏற்கெனவே ஒருமுறை திறந்துவிட்டீர்கள். பராமரிப்பு வண்டிகள் போய்வர வசதியாக இருக்கும் என்றுதான் அப்போது காரணம் சொன்னீர்கள். கம்பங்களைப் பிடுங்கிய கொஞ்ச நாளிலேயே பராமரிப்பு வண்டிகளைவிட மற்ற கார்கள் அதிகமாயின. நெடுஞ்சாலையில் நெரிசல் ஏற்படும் நேரங்களில் அது குறுக்குவழியானது. வழிகாட்டும் செயலிகளும் அதைச் சாலையாகக் காட்டத் தொடங்கின. புல் முளைத்த கரை வண்டி நிறுத்தும் இடமாகிவிட்டது. அடுத்து வந்த மழையில் சக்கரத் தடங்கள் இரண்டும் நீண்ட ஓடைகளாகி, நீங்கள் செலவு செய்து போட்ட சரளையை அரித்து ஆற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தன. வெயில் நாட்களில் புழுதி. இன்று அந்தப் பகுதியில் சைக்கிள் ஓட்டும் ஒரு குழந்தையைப் பார்ப்பதே அரிது. என் சொல்லை நம்ப வேண்டாம். ஒரு விடுமுறை நாள் காலையில் மேல்பகுதியில் ஒரு மணி நேரமும் கீழ்ப்பகுதியில் ஒரு மணி நேரமும் நீங்களே நின்று பாருங்கள்.

கீழ்ப்பகுதியில் யார் யார் வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். துணைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு முதன்முதலாகத் தனியாக மிதிக்கும் சிறுமி, பின்னாலேயே ஓடிவரும் அவளுடைய அப்பா. முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு மெதுவாக மிதிக்கப் பழகும் முதியவர். கைகளால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் வரும் ஒருவர். பின்னால் ஒலி எழுப்பும் வண்டி இல்லாத ஒரே பாதை தனக்கு இதுதான் என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பைகளைக் கட்டிக்கொண்டு ஆற்றோடு சேர்ந்து நாள் முழுக்கப் பயணம் செய்பவர்கள். பிறகு என்னைப் போன்றவர்கள்: 40 மில்லிமீட்டர், அதற்கும் அகலமான டயர் போட்டு, சரளைப் பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளில் ஆற்றங்கரையில் தொடங்கி, மலையேறி, மறுபக்கம் இறங்கி வருகிறவர்கள். இவர்களில் பாதிப்பேர் நெடுஞ்சாலையில் ஒருபோதும் சைக்கிள் ஓட்டமாட்டார்கள். பயம்தான் காரணம், அது நியாயமான பயம்.

“ஒரு நாளைக்குச் சில வண்டிகள் போனால் என்ன குறைந்துவிடும்?” என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். பாதையின் அகலம் ஏறக்குறைய 3 மீட்டர். பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து ஒரு கார் 2 மீட்டர் எடுத்துக்கொள்ளும். மீதி 1 மீட்டர். சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது ஸ்பெயின், ஜெர்மனி போன்ற பல நாடுகளின் சாலை விதி. இந்தப் பாதையில் அந்த இடைவெளிக்கு வழியே இல்லை. கார் வந்தால் சைக்கிள்காரர் இறங்கி ஒதுங்க வேண்டும். ஒரு பக்கம் முள்புதர், மறுபக்கம் ஆறு. வண்டி எப்போது வரும் என்று தெரியாததால், வராத நேரத்திலும் காது பின்னாலேயே இருக்கும். குழந்தையின் கையைப் பெற்றோர் விடமாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வண்டி வந்தாலும் இதுதான் நிலை. வண்டியே வராது என்ற உறுதிதான் இந்தப் பாதையின் முழு மதிப்பு.

இப்படி ஒரு முடிவு உங்களுக்கு முன்பும் ஓர் ஆற்றங்கரையில் எடுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் போட்டோமாக் ஆற்றை ஒட்டி, படகுப் போக்குவரத்து நின்றுபோன செசபீக்–ஒஹாயோ கால்வாய் கிடந்தது. அதன் வழியே கார்கள் ஓடும் சாலை அமைக்கும் திட்டத்தை ஆதரித்து 1954 ஜனவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் அந்த நாளிதழுக்குக் கடிதம் எழுதி, கால்வாய்க் கரை முழுவதும் தன்னோடு நடந்து பார்த்துவிட்டுப் பேசும்படி ஆசிரியரை அழைத்தார். அந்த மார்ச் மாதமே கால்வாயின் மறுமுனையான கம்பர்லாண்டிலிருந்து வாஷிங்டன் நோக்கிப் பெரிய குழுவாக நடக்கத் தொடங்கினார்கள். முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் சிலரே, ஆனால் நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-ல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. ஒரு காலத்தில் படகுகளை இழுத்த கோவேறு கழுதைகள் நடந்த அந்தக் கரையில் இன்று சுமார் 297 கிலோமீட்டர் தூரம் பெரும்பாலும் மோட்டார் வண்டி குறுக்கிடாமல் சைக்கிள் ஓட்டலாம். கம்பர்லாண்டில் அது இன்னொரு சரளைப் பாதையோடு சேர்கிறது. கிரேட் அலிகேனி பாசேஜ் என்று அதற்குப் பெயர். பழைய ரயில் தடங்களின் மேல் துண்டு துண்டாக அமைத்து, 2013-ல் பிட்ஸ்பர்க் வரை முழுமையாக்கினார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி நொறுக்கிய சுண்ணாம்புக்கல் தளம்தான். ஆற்றங்கரை, மலைமுகடு, சுரங்கம், பாலம் என்று போகும் அந்தப் பாதைக்காகவே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

சரளையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். உங்கள் திட்டத்தின் அடியில் கிடக்கும் தவறான எண்ணம், சரளைப் பாதை என்றால் தார் போடக் காசில்லாமல் பாதியில் விட்ட சாலை என்பது. ஒழுங்காகப் போட்ட சரளைப் பாதை முழுமையான ஒரு தளம். உடைத்த ஜல்லியை, பெரிதும் சிறிதுமாக, கல்தூளோடு கலந்து பரப்ப வேண்டும். தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். உடைத்த கல்லின் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், தூள் இடைவெளியை அடைக்கும். காய்ந்த பிறகு அது சக்கர நாற்காலியும் உருளும் அளவுக்கு இறுகிவிடும். இதற்கு மாறாக, சென்ற முறை பள்ளம் விழுந்த இடங்களில் உங்கள் ஒப்பந்ததாரர் என்ன செய்தார்? ஆற்றுப் படுகையின் உருண்டைக் கற்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். தூளும் இல்லை, ரோலரும் இல்லை. உருண்டைக் கல் எதையும் கவ்வாது. சக்கரத்துக்கு அடியில் உருண்டுகொண்டே இருக்கும். அந்த இடங்களில்தான் ஆட்கள் சறுக்கி விழுந்தார்கள். அந்த விழுதல்களைத்தான் “சரளை ஆபத்தானது” என்பதற்குச் சான்றாக உங்கள் அறிவிப்பு இப்போது காட்டுகிறது. தப்பு கல்லைத் தேர்ந்தெடுத்த முறையில் இருக்கிறது.

பாதையைக் கெடுப்பது சைக்கிள் அல்ல, தண்ணீர். நடுவில் சற்றே உயர்த்தி, இரு பக்கமும் 100-க்கு 2 என்ற அளவில் சரிவு கொடுத்தால் மழைநீர் மெல்லிய படலமாகப் பக்கங்களில் இறங்கிவிடும். மலைச்சரிவுகளில் பாதை ஒரே மூச்சாக இறங்காமல், இடையிடையே சின்னதாக ஓர் ஏற்றம் வர வேண்டும். நீர் அங்கே தடைபட்டு ஓரத்துக்குத் திரும்பும். சிறுபாலங்களின் அடியில் சேரும் இலையையும் சேற்றையும் மழைக்கு முன்பே வார வேண்டும். இவ்வளவுதான் வேலை, ஆனால் ஒவ்வொரு ஆண்டும் செய்ய வேண்டிய வேலை. நம் பாதையில் சிறுபாலங்களைத் தூர்வாரி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை உங்கள் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்களே கையால் இலையை அள்ளிப் போட்டிருக்கிறோம்.

தார் போட்டால் இந்தத் தொல்லை தீரும் என்கிறீர்கள். வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்றங்கரையில் அது தீராது. தண்ணீர் தாரின் விளிம்புக்கு அடியில் புகுந்து அடித்தளத்தைக் கரைக்கும். மேலே தோல் மட்டும் நிற்கும். ஒரு நாள் தட்டுத் தட்டாக உடையும். சரளை அரித்துப்போனால் ஒரு லாரிச் சரளையும் ஒரு சின்ன ரோலரும் போதும். உடைந்த தாரைச் சரிசெய்யச் சூடான கலவை, பெரிய இயந்திரம், அதற்காக இன்னும் அகலமான வழி என்று வேலை வளரும். அதோடு தார் வேகத்தைக் கூட்டும். சரளையில் சைக்கிள்காரரும் ஓரளவுக்கு மேல் வேகம் எடுக்க முடியாது, நடந்து போகிறவருக்கு அதுவே பாதுகாப்பு.

எடையைப் பற்றி, உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து வந்த தோராய விதி: அச்சின் மேல் விழும் சுமையின் நான்காம் அடுக்குக்கு (சுமை இரண்டு மடங்கானால் 2×2×2×2, அதாவது 16 மடங்கு) ஏற்பச் சாலையின் தேய்மானம் கூடும். ஆளோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள சைக்கிளின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 50 கிலோ. 1,500 கிலோ காரின் ஒவ்வொரு அச்சுக்கும் 750 கிலோ. சுமை 15 மடங்கு. நான்காம் அடுக்கில் அது 50,000 மடங்கைத் தாண்டுகிறது. அந்த விதி தார், கான்கிரீட் சாலைகளுக்காக வந்தது, சரளைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் எது பாதையைத் தின்னும், எது தின்னாது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வண்டிகளை விட்டால் பாதை கெடும், கெட்ட பாதைக்குத் தார் கேட்பீர்கள், தார் போட்ட பாதைக்கு இன்னும் வண்டிகள் வரும். மேல்பகுதியில் நடந்து முடிந்ததும் இதுதான்.

சரளைச் சாலைகளைக் காப்பாற்றுவது உலகத்துக்குப் புதிதல்ல. இத்தாலியின் டஸ்கனி மலைகளில் வெள்ளைச் சாலைகள் என்று சொல்லப்படும் சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைந்துகொண்டிருந்தபோது, 1997-ல் கயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் ‘லெரோய்கா’ என்ற பழைய சைக்கிள்களின் பயணத்தைத் தொடங்கினார்கள். சாலைகள் மிச்சமிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கங்களில் முதன்மையானது. இன்று அதே வெள்ளைச் சாலைகளில் தொழில்முறைப் பந்தயமே நடக்கிறது. தார் போடாமல் விட்டதால் அந்தப் பகுதி பின்தங்கிவிடவில்லை.

இனி மலைப்பகுதி. ஆற்றங்கரைப் பாதை முடியும் இடத்தில் பழைய ரயில் தடம் தொடங்கி, வளைந்து வளைந்து மலையேறுகிறது. நீராவி இஞ்சினுக்காக வெட்டிய தடம் என்பதால் சரிவு மிக மென்மையானது. பழக்கமில்லாதவரும் பேச்சை நிறுத்தாமல் மிதித்து ஏறலாம். மலையைச் சாதாரண மனிதருக்குத் திறந்துவிட இதைவிட நல்ல வழி கிடையாது. அந்தத் தடத்தின் நடுவிலுள்ள சுரங்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அதைச் சுற்றிப் போக வேண்டுமானால், சைக்கிளைத் தோளில் தூக்கிச் செங்குத்தான படிகளில் ஏறி இறங்க வேண்டும், அல்லது நெடுஞ்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் லாரிகளோடு போக வேண்டும். கைச்சைக்கிள்காரருக்கு முதல் வழி இல்லை. எனக்கு இரண்டாவது வழியில் போக மனமில்லை.

இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் மோன்சல் பாதையிலும் இதே நிலைதான் இருந்தது. 1968-ல் ரயில் நின்றது. வை ஆற்றுப் பள்ளத்தாக்கில் போகும் அந்தத் தடம் பிறகு நடைபாதையானது, ஆனால் சுரங்கங்கள் பாதுகாப்புக் காரணத்தால் மூடிக் கிடந்தன. 2011-ல் அவற்றைச் சீர்செய்து விளக்குப் போட்டுத் திறந்தார்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றும் சுமார் 400 மீட்டர் நீளம். துண்டு துண்டாக இருந்தது சுமார் 14 கிலோமீட்டர் நீளும் ஒரே பாதையாகிவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்–ஸ்பார்ட்டா தடத்தில் 1967 முதலே மூன்று சுரங்கங்கள் வழியாகச் சைக்கிள்கள் போகின்றன. அவற்றில் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. ஸ்பெயின் 1993-ல் தொடங்கிய ‘பசுமை வழிகள்’ திட்டத்தில் கைவிடப்பட்ட ரயில் தடங்கள் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் பாதையாகியுள்ளன. நியூசிலாந்தின் ஒடாகோ மத்திய ரயில் பாதை, ரயில் நின்ற பத்தே ஆண்டுகளில், 2000-ல், 152 கிலோமீட்டர் சரளைத் தடமாகத் திறக்கப்பட்டது. நம் சுரங்கம் ஒன்றே ஒன்று. அதன் உட்சுவரை ஒரு பொறியாளர் கடைசியாக எப்போது ஆராய்ந்தார் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

உங்கள் தரப்பில் உண்மையான தேவைகளும் உள்ளன, அவற்றை மறுக்கவில்லை. ஆற்றோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் டிராக்டரில் போயாக வேண்டும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வர முடிய வேண்டும். இதற்குத் தேவை பூட்டுள்ள, கழற்றக்கூடிய கம்பமும், உரியவர்கள் கையில் ஒரு சாவியும். ஊருக்கு அருகிலுள்ள பகுதியில் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் இன்னும் மழமழப்பான தளம் வேண்டும் என்றால், அங்கே மட்டும் போடுங்கள். வண்டிகளை விடாமல் போடுங்கள். தாரைவிட வண்டிகள்தான் எங்கள் முதல் கவலை.

கம்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிள்களைத் தடுக்கிறோம் என்று கீழ்வாயிலில் நீங்கள் வைத்த வளைந்த இரும்புச் சட்டத்தில், பையோடு வரும் சைக்கிளும் நுழையாது, கைச்சைக்கிளும் நுழையாது, இரட்டைக் குழந்தைகளின் தள்ளுவண்டியும் நுழையாது. மோட்டார் சைக்கிளோ பக்கவாட்டு வேலியின் ஓட்டை வழியாகப் போய்விடுகிறது. 1.5 மீட்டர் இடைவெளியில் நேராக நட்ட கம்பங்கள் காரைத் தடுக்கும், மற்ற அனைவரையும் விடும். மோட்டார் சைக்கிளைத் தடுக்க ஆள் வேண்டும், அபராதம் வேண்டும்; இரும்பு போதாது.

சைக்கிள்காரர்களால் நடப்பவர்களுக்குத் தொந்தரவு என்ற புகார்களும் உங்களுக்கு வந்திருக்கும். அவற்றில் சில உண்மை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ன் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட உரிமை கொடுத்தபோதே, நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற கடமையையும் சேர்த்தே கொடுத்தது. அதே விதியை இங்கேயும் எழுதி வையுங்கள், நாங்கள் ஏற்கிறோம். மணியடித்து, வேகம் குறைத்து, கால்நடை நின்றால் இறங்கித் தள்ளிப் போவதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

தார் போட்டு வண்டிகளைத் திறந்துவிடும் ஆணையை உடனே நிறுத்தி வையுங்கள். நடப்போர், சைக்கிள் ஓட்டுவோர், மாற்றுத்திறனாளிகள், ஆற்றோர விவசாயிகள் எல்லாரையும் அழைத்து, பாதையிலேயே ஒரு கூட்டம் நடத்துங்கள். அலுவலக அறையில் வேண்டாம்.

மேல்பகுதியில் பிடுங்கிய கம்பங்களை அடுத்த மழைக்காலத்துக்கு முன் திரும்ப நடுங்கள். வழிகாட்டும் செயலிகளை நடத்தும் நிறுவனங்களுக்கு அது சாலை அல்ல என்று எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

சரளைக்கு ஒரு தரம் வகுத்து ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: உடைத்த ஜல்லி, கல்தூள், ரோலர், நடு உயரம், பக்கச் சரிவு. உருண்டைக் கல் கொட்டிய இடங்களை அதே ஒப்பந்ததாரர் செலவில் அள்ளச் செய்யுங்கள். சிறுபாலங்களை ஆண்டுதோறும் தூர்வார ஒரு தேதி குறித்து, அதை வாயிலில் எழுதி வையுங்கள்.

சுரங்கத்தை ஒரு தகுதிவாய்ந்த பொறியாளரைக் கொண்டு ஆராய்ந்து, அறிக்கையை வெளியிடுங்கள். பழுது இருந்தால் என்ன பழுது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள். பழுது இல்லையென்றால் பூட்டைத் திறந்து விளக்குப் போடுங்கள்.

கீழ்வாயிலின் இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டு நேர்க்கம்பங்களை நடுங்கள்.

கடைசியாக, முடிவில் கையெழுத்திட்ட அதிகாரி ஒருவராவது எங்களோடு ஒருமுறை ஆற்றங்கரையிலிருந்து சுரங்க வாயில் வரை வர வேண்டும். சைக்கிள் நாங்கள் தருகிறோம். மிதிக்க முடியாவிட்டால் நடந்தே போகலாம், நாங்கள் தள்ளிக்கொண்டு வருகிறோம். தேதியை நீங்களே குறியுங்கள். இந்த மடலுக்கான பதிலை ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தந்து, அறிவிப்பு ஒட்டிய அதே பலகையில் அதையும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பாதையில் சைக்கிள் மிதிக்கும் ஒருவன்